கஞ்சிக்கு இடமில்லாத வயிறு

ஒரு பாதித் தேங்காய்ச் சிரட்டை. கண் இல்லாத பக்கம். உள்ளே சுரண்டி, வெளித்தும்பைப் போத்தல் ஓட்டால் வழித்து, தொட்டால் வழுக்கும்படி தேய்த்து வைத்திருந்தார் என் மச்சாள். விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே கத்தி நுனியால் கீறிய ஒரு கோடு உட்புறம் ஓடும். அந்தக் கோடு வரைக்கும்தான் அவருடைய வயிறு. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதை எடுத்துக் காட்டி, "என்ர வயிறு இப்ப இவ்வளவுதான். இதுக்குள்ள என்ன போறதெண்டு இனி நான்தான் சொல்லுவன்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்தப் பேச்சு யாருக்குச் சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

மச்சாள் என் கணவரின் மூத்த அக்கா, கலியாணம் கட்டாதவர். சண்டையால் கொக்கிளாயை விட்டு எழும்பிய நாங்கள் எல்லோரும் வற்றாப்பளைக்குப் பக்கத்தில், கடல்தண்ணீர் ஏறி நிற்கும் களப்பின் ஓரமாக ஓலைக் கொட்டில் போட்டு ஒன்றாக இருந்தோம். இவர், என் கணவர், மீன்பிடி தொழிலுக்குப் போவார். மச்சாள் மீனை வெட்டி உப்பிட்டுக் காயவைத்து, கருவாட்டுக் கடகத்தோடு பஸ் ஏறி ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுபோய் விற்பார். நல்ல வாட்டசாட்டமான ஆள். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தவர்கள் அரைச் சீற்றில் தொங்கிக்கொண்டுதான் போகவேண்டும். சந்தையில் அவர் குரல் எழும்பினால் விலை பேச வந்தவன் பேசாமல் வாங்கிக்கொண்டு போவான். எனக்கு அவரிடம் பயமும் இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்தது. குசினி என்னுடையது, மற்றதெல்லாம் அவருடையது என்று ஒரு எல்லை எங்களுக்குள் தானாக விழுந்திருந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதியில் அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. பயணம் போக அனுமதிப் பாஸ் எடுத்து, சோதனைச் சாவடி தாண்டி, கொழும்புக்குப் போய், முக்கால்வாசி வயிற்றை வெட்டி எடுத்துவிட்டு வந்தார். போனவர் ஒருவர், திரும்பி வந்தவர் இன்னொருவர். சட்டை தோளில் நிற்கவில்லை. "மெலிஞ்சு வடிவா வந்திருக்கிறியள்" என்று சொல்லிவிட்டுப் போன பெண்களும் உண்டு. நல்ல நாக்கு.

டொக்டர் சிங்களத்தில் சொன்னதை ஒரு தமிழ்த் தாதி விளங்கப்படுத்தி அனுப்பியிருந்தார். ஒரு நாளைக்கு ஆறு தரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவேண்டும். மீன், முட்டை, பயறு, பருப்பு முதலில். சோறு கடைசியில், இடம் இருந்தால். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. இனிப்பு ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒருதரம் விற்றமின் ஊசி, உயிர் உள்ளவரை. போன வருடம் என் மகள் உடம்பைக் குறைக்கவென்று வயிற்றில் ஒப்பரேசன் செய்துகொண்டபோது, பளபளத்த தாளில் அச்சடித்து, முட்டையும் மீனும் படம் போட்டுக் கொடுத்தார்கள். வரி வரியாக வாசித்துக்கொண்டு போனேன். மச்சாள் வாயால் சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்கவில்லை. மகளுக்குப் புரதச் சத்துமா டப்பாவில் வருகிறது, வனிலா வாசத்தோடு. விற்றமின் குளிசை மாதக்கணக்குக்கு அலுமாரியில் இருக்கிறது. எங்களுக்கு அன்றைக்குப் பால்மாவே இல்லை. அதைக்கூட மன்னிக்கலாம். இருந்ததை நான் கொடுக்கவில்லை என்பதுதான் என் கதை.

வெட்டுக்காயம் உள்ள உடம்புக்குக் கிரந்திச் சாப்பாடு கொடுக்கக் கூடாது. கொடுத்தால் காயம் சீழ் பிடிக்கும். இது எங்களில் எந்தப் பெண்ணையும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். இறால், நண்டு, மட்டி, முட்டை, கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி. பத்தியத்துக்கு ஆகும் மீனும் உண்டுதான், பால்சுறா, விளைமீன். ஆனால் அவையெல்லாம் கடல் மீன். அந்த நாளில் கடலில் வள்ளம் இறக்கப் பயம். களப்பில் வலை போட்டால் வருவது இறாலும் நண்டும் பத்தியத்துக்கு ஆகாத களப்பு மீனும்தான், கரையில் கால் வைத்தால் மட்டி. ஆகவே நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் அவருக்குக் கஞ்சி காய்ச்சினேன். காலையில் கஞ்சி, மத்தியானம் குழைந்த சோறும் ரசமும், பொழுதுபட மறுபடி கஞ்சி. தெம்புக்கென்று, வீட்டில் ஒளித்து வைத்திருந்த சீனியில் இரண்டு கரண்டி போடுவேன். அதைக் குடித்த கொஞ்ச நேரத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், பாயில் சரிந்துவிடுவார். ஒப்பரேசன் களைப்பு என்று நாங்கள் விசிறி விட்டோம். கடலோரத்துத் தொழில்காரர் வீட்டில், வாசலில் இறால் துள்ளிக்கொண்டிருக்க, ஒருத்தியைப் பட்டினி போட்டவள் நான். அன்பாகத்தான் போட்டேன், அதுதான் இன்னும் கேவலம்.

அவர் தாதி சொன்னதை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். கொழும்பு டொக்டருக்குக் கிரந்தியைப் பற்றி என்ன தெரியும் என்று நான் கேட்டேன். அடங்காத ஆள் அடங்கினார். அடங்கியதே நோயின் அடையாளம் என்று எனக்கு விளங்கவில்லை. தலைமயிர் சீப்போடு கொத்தாக வந்தது. நகம் கரண்டிபோலக் குழிந்தது. பத்தியம் நாற்பத்தொரு நாள் முடிந்த கையோடு விபூதிப் புதன் வந்துவிட்டது. கத்தோலிக்கரான எங்கள் வீட்டில், அன்று தொடங்கும் தவக்காலம் முடியும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைப்பதில்லை. இவர் பிடிக்கிற மீன் முழுக்கச் சந்தைக்குப் போகும். பத்தியத்தில் இருந்தவரை அப்படியே தவத்துக்குள் தள்ளிவிட்டேன். கஞ்சியில் மாற்றமில்லை.

தவக்காலத்தின் இரண்டாம் கிழமை அவருடைய கால்கள் தடித்தன. நான் சந்தோசப்பட்டேன். உடம்பு ஏறுகிறது, என் கஞ்சிதான் ஏற்றுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்களும் மெச்சினார்கள். எல்லோரும் போன பிறகு மச்சாள் என்னைக் கிட்ட வரச் சொல்லி, கெண்டைக்காலில் பெருவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. விழுந்த குழி நிரம்பவே இல்லை.

"இது சதை இல்லைப் பிள்ளை. நீ ஊத்தின கஞ்சி" என்றார்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நான் கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து வருகிறேன், குசினியில் புகை. மச்சாள் அடுப்படியில் பலகை போட்டு இருக்கிறார். கையில் தடியை ஊன்றிக்கொண்டு களப்புக்கரை வரை போய், தண்ணீரில் இருந்து மட்டி பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். நாலு எட்டு வைக்க மூச்சு வாங்குகிற ஆள். மட்டியை அவித்துச் சதையை எடுத்து, மிளகு போட்டு வதக்கி, அந்தச் சிரட்டையில் போட்டுக்கொண்டு, குசினிக்குள் ஒளியாமல் முற்றத்தில் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். கோயிலால் திரும்புகிற சனமெல்லாம் அந்த வழியாகத்தான் போகவேண்டும். வெள்ளைச் சேலையும் செபமாலையுமாகப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் ஒவ்வொரு மட்டியாக எடுத்து, நிதானமாக, நன்றாக மென்று தின்றார். எனக்கு மானம் போயிற்று. அவருக்குக் கிட்டப் போய், வெள்ளிக்கிழமை, தவக்காலம், காயம் என்று ஏதேதோ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அவர் மென்றதை விழுங்கிவிட்டுத்தான் பேசினார். "கடவுளோட நான் கதைச்சிட்டன். அவர் ஒண்டும் சொல்லேல்ல. உன்னோடதான் கதைக்க மிச்சம் இருக்கு. எனக்குச் சாக விருப்பமில்லை பிள்ளை. நீ சமைச்சுத் தாறியோ, நானே சமைக்கட்டோ?"

நான் மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்று நாளும் அவரே சமைத்தார். அவர் காயம் சீழ் பிடிக்குமென்று காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது சீழ் பிடித்து என் சொல் நிலைக்கவேண்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். காயம் எப்போதோ ஆறியிருந்தது. வாட்டமாய்க் கிடந்த கண்கள்தான் மெல்ல நிமிர்ந்தன. நாலாம் நாள் நான் இறால் உரித்தேன். வேலி ஓரம் நின்ற அயற்காரியிடம், தவக்காலத்தில் இறால் உரிக்கிறேன், போய்ப் பங்குச் சுவாமியாரிடம் சொல்லுங்கோ என்று நானே சத்தமாகச் சொன்னேன். சுவாமியார் வந்து விசாரித்தார். நோயாளிக்கு ஒருசந்தி உபவாசம் இல்லை, இதை முதலிலேயே என்னிடம் கேட்டிருக்கலாமே என்று சிரித்துவிட்டுப் போனார். கேட்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மணிக்கூடு சமைத்தது என்றுதான் சொல்லவேண்டும். விடிய அவித்த முட்டையில் பாதி. வெயில் ஏற முளைவிட்ட பயறு. மத்தியானம் முள் எடுத்து மசித்த மீன், ஓரத்தில் முருங்கையிலை வறை, அதற்குப் பிறகு இடம் இருந்தால் ஒரு கவளம் சோறு. பின்நேரம் மிச்சப் பாதி முட்டை. பொழுதுபட மட்டியோ இறாலோ, படுக்கப் போகுமுன் கொஞ்சம் ஆட்டுப்பால். கோடு தாண்டினால் வாந்தி. தவறி ஒரு தரம் விட்டால் கைகால் நடுக்கம். முட்டை கிடைக்காத நாளில் கருவாட்டை இடித்துத் தூளாக்கி அவித்த பருப்பில் கலந்து கொடுத்தேன். உப்பாகத்தான் இருந்தது, முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார். காலின் தடிப்பு வற்றியது. நகம் நேரானது. அவரும் நானும் அந்தக் குசினியில் எல்லையை எப்போது தொலைத்தோம் என்று தெரியாது.

ஆனால் ஊசிக்கு மட்டும் களப்பில் வலை போட முடியாது. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் அது இருக்கவில்லை. இவர் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய் நாலு குப்பி வாங்கிக்கொண்டு வந்தார். சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் சிவப்புத் தண்ணீர். சாவடியில் பையைக் கொட்டிப் பார்த்து, இது என்ன மருந்து, யாருக்கு என்று கேட்டு, போராளிகளுக்குக் கொண்டுபோகிற மருந்தென்று நாலையும் ஆமிக்காரர் எடுத்து வைத்துக்கொண்டார்கள். வயிறு வெட்டிய ஒரு பெண்ணுக்கு என்று இவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. வெறுங்கையோடு வந்து முற்றத்தில் நின்றவரைப் பார்த்து நான் அழுதேன். அந்த வேளையில் மச்சாளுக்கு உள்ளங்கால் மரத்துப்போகத் தொடங்கியிருந்தது. நிலம் தெரியவில்லை, பஞ்சில் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லுவார். ஊசி இல்லாவிட்டால் நடை போய்விடும் என்று தாதி சொல்லியனுப்பியிருந்தார்.

மச்சாள் அழவில்லை. தன் பெயருக்கு ஒரு பாஸ் எடுக்கச் சொன்னார். நான் கூடப் போனேன். உழவு இயந்திரப் பெட்டியில் குலுங்கி, வரிசையில் நின்று, வெயிலில் இருந்து, மறுபடி வரிசையில் நின்று வவுனியாவுக்குப் போய்ச் சேர இரண்டு நாள். வழி முழுக்க என் மடியில் ஒரு பொட்டலம், அவித்த முட்டையும் கருவாட்டுத் தூளும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம், வரிசை நகர்ந்தாலும் நகராவிட்டாலும், அவர் நிலத்தில் குந்திச் சாப்பிட்டார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வவுனியாவில் மருந்தைக் கையில் வாங்கவில்லை. புயத்தை நீட்டி அங்கேயே ஏற்றச் சொன்னார். திரும்பி வருகையில் சாவடிப் பெண் எங்கள் பையைக் கொட்டினாள், சேலை மடிப்பைத் தடவினாள், ஒன்றும் இல்லை. தாண்டி நூறு யார் தூரம் வந்த பிறகு மச்சாள் சட்டைக் கையை மேலே சுருட்டி, ஊசி குத்திய இடத்தை எனக்குக் காட்டினார். "மருந்து இதுக்குள்ள இருக்குப் பிள்ளை. இனிப் பறிக்கட்டும் பாப்பம்."

மூன்று மாதத்துக்கு ஒருதரம் அப்படித்தான் போய் வந்தோம். பாஸ் கிடைக்காமல் தள்ளிப்போன முறைகளும் உண்டு. அப்போதெல்லாம் கால் மரப்பு திரும்பி வரும், ஊசி ஏறியதும் மெல்லப் போகும். நாலு வருடம். அந்த நாலு வருடத்தில் அவர் மறுபடி கடகம் தூக்கினார், முன்னைப்போலப் பெரியதல்ல. ஒட்டுசுட்டான் சந்தையில் குரலும் எழும்பியது.

பிறகு மலேரியா வந்தது. அந்த வருடம் வீட்டுக்கு வீடு வந்தது. தடித்த வாலிபர்களையே பாயில் போட்ட காய்ச்சல். கொடுக்கக் குளிசை போதவில்லை. ஆறாம் நாள் மச்சாள் போய்விட்டார்.

செத்த வீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் செபமாலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பத்து மந்திரம் முடிந்த இடைவெளியில் பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. ஒப்பரேசன் செய்த உடம்பு, பத்தியம் காக்காமல் மட்டியும் இறாலும் தின்றால் வேறென்ன நடக்கும் என்று. இரண்டு மூன்று தலைகள் ஆமென்று ஆடின. சொன்னவர் கெட்டவர் அல்ல. தவக்காலத்தில் எங்களுக்கென்று கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்து தந்தவர்தான். நான் எழும்பி நின்றேன். இவர் என் கையைப் பிடித்தார், உதறினேன்.

"அவா மீன் திண்டு சாகேல்ல" என்றேன். "மீன் திண்டபடியால்தான் நாலு வருசம் இருந்தவா. கஞ்சி குடுத்துச் சாக்காட்டப் பாத்தது நான். ஆரும் இனிக் கதைக்கிறதெண்டால், அதைக் கதையுங்கோ."