இரண்டும் இடது

வள்ளக்கடவிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு நடந்துகொண்டிருந்தோம். அப்பா முன்னால், நான் பத்தடி பின்னால். அவர் தலையில், துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, அதன்மேல் ஒரு விமானத்தின் சக்கர உறை. நீளவாக்கில் பிளந்த சுரைக்காய் போன்ற அலுமினிய உறை அது. ஓடும் சக்கரத்தில் காற்று மோதாமல் வழுக்கிப்போக மாட்டுவது. எட்டு நாள் தட்டிச் செய்ததை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டர் சம்மதிக்கவில்லை.

நாங்கள் நாகர்கோவில் பக்கமிருந்து மலையாளம் பேசும் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். ஒன்பது வயதுக்குள் நான் மூன்று பள்ளிக்கூடம் பார்த்திருந்தேன். எதிலும் முழு வருஷம் இருந்ததில்லை. அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையின் பின்கட்டில் ஒடுக்கு எடுக்கும் வேலை.

அங்குதான் அந்த ஓய்வுபெற்ற விமானி வந்தார். அவர் வீட்டுக் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று இருந்தது. அவரைவிட வயதானது. அதைப் பழையபடி பறக்கவைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இடது சக்கர உறை நசுங்கிக் கிடைத்தது. வலது தொலைந்தே போயிருந்தது. இடதின் ஒடுக்கை அப்பா தடம் தெரியாமல் எடுத்துக் கொடுத்ததும் வலதையும் அவரிடமே ஒப்படைத்தார்.

"பண்டு எப்படி இருந்ததோ அப்படித்தன்னே வரணும் மேஸ்திரீ. தகடு வெளிநாட்டுலேருந்து வரவழைச்சது. இந்த ஒண்ணேதான் உண்டு, கேட்டோ."

இது சரியாக வந்தால் எஞ்சின் மூடி, பெட்ரோல் டாங்க் என்று ஒன்றரை வருஷ வேலை. கொட்டகையை ஒட்டி ஓர் அறையும் உண்டு, உள்ளேயே தண்ணீர்க் குழாயோடு. அந்தக் குழாயைப் பற்றி அம்மா ஒரு வாரம் பேசினாள். அப்பா பாத்திரக்கடையில் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டார்.

இடது உறையின்மேல் காக்கித்தாளை ஒட்டிப் படியெடுத்து, அதைப் பிரித்து விரித்து வெட்டினார். அவருக்கு எழுத்து வராது. 'வெளிப்பக்கம்' என்று தாளில் என்னை எழுதச் சொன்னார். நான் எழுதி, கீழே என் பெயரையும் எழுதி, ஓரத்தில் ஒரு விமானமும் வரைந்தேன்.

"தகட்டுமேல இதை வச்சு நீயே கோடு போடு மக்கா. எழுத்து மேல தெரியப்பிடாது, கேட்டியா. கமத்திப் போடணும்" என்று சொல்லிவிட்டுக் கரி வாங்கப் போனார்.

அவ்வளவு அழகான எழுத்தைக் கவிழ்த்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. மேலே தெரியும்படி வைத்தே கோடு போட்டேன். அப்பா வரும்போது தாளைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

அவர் கோட்டை நம்பி வெட்டி, கோட்டுப் பக்கம் வெளியே வரும்படி தட்டிப் புடைப்பு எடுத்தார். ஆயுள் முழுக்கக் குடமும் அண்டாவும் தட்டியவர். குடத்துக்கு ஏது இடமும் வலமும்? முடிந்ததும் இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். "ரெட்டப்பிள்ளை மாதிரில்லா இருக்கு" என்றாள் அம்மா. அப்பா அன்று முகம் மழித்துக்கொண்டார்.

விமானி அதை வலது சக்கரத்தில் வைத்துப் பார்த்தார். சக்கரத்தின் கால் நுழைய வேண்டிய வாய் வெளியே பார்த்து நின்றது. திருப்பினால் வால் முன்னால் வந்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மேஸ்திரீ, இதும் இடதாயிப்போயல்லோ."

அப்பா உறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிழை என்மேலதான் சார். வேற தகடு?"

"ஒரு வருஷமாகும் வர." அவர் எழுந்து எங்களுக்கு முதுகைக் காட்டி, இறக்கையில் கையை வைத்து நின்றார். "பெங்களூர்ல ஒராள் உண்டு. அவனை விளிக்கட்டே. இதை நிங்களே கொண்டுபோய்க்கோ. என் கண்ணுல படண்டா."

எனக்கு அவர்மேல்தான் கோபம். ஒன்றுபோல வேண்டும் என்றார், ஒன்றுபோலச் செய்துகொடுத்தாயிற்று, பிறகென்ன? வழியில் தாகம் என்றேன். அப்பா எலுமிச்சை பிழிந்த நாரங்காவெள்ளம் ஒரு கிளாஸ் வாங்கி, முழுவதையும் என்னையே குடிக்கச் சொன்னார்.

சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் பாத்திரக்கடைத் தராசுக்காரர் கூப்பிட்டார். "என்ன ஓய், பறக்கப்போறேன்னு சொல்லிட்டுப் போனீரு, நடந்து வாறீரு?"

"இறக்கைய அங்க வச்சிட்டு வந்திட்டேன்" என்றார் அப்பா. கடையில் அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். வீட்டில் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். அந்த உறை, விறகு நனையாமல் மூட, எங்களோடு மூன்று வீடு மாறியது.

பல வருஷம் கழித்துக் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருந்தேன். இடது கதவுக்கு எடுத்த தாளை வலதுக்கும் அப்படியே வைத்தான் ஒருவன். "கவுத்துப் போடுறா" என்று ஃபோர்மேன் கத்தினார். அன்று மதியம் நான் சாப்பிடப் போகவில்லை.

உறையைச் சுமந்து திரும்பிய அந்த நாளுக்கு மறுநாள் காலை, முதல் பஸ்ஸில் கல்லாறு தாண்டிப் பொன்முடிக்கு ஏறினோம். எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கூரைத் தகரம் மாற்றும் வேலை அப்பாவுக்குக் கிடைத்திருந்தது. முதல் தகரத்தைத் தரையில் விரித்து, அளந்து, சாக்குக்கட்டியை என்னிடம் நீட்டினார்.

"நீயே கோடு போடு மக்கா."

"எந்தப் பக்கம்பா?"

"எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான். போடு."

இவ்வளவு லேசான வேலைக்கா இத்தனை தூரம் வந்தோம் என்று எனக்குச் சப்பென்று இருந்தது.