ஆமெனை ஏற்காத கணினி

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பா துபாயிலிருந்து வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு கணினி வாங்கி, ஊருக்கு வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பினார். எனக்கு ஒரே கொண்டாட்டம். அம்மா அதைத் தொடக்கூட இல்லை.

“இதுகொண்டு என்ன பிரயோஜனம்? சும்மாதானே கெடக்கு. நாளைக்கு சித்தப்பா வந்து அவரு ரப்பர் கடையில கணக்கு பாக்க எடுத்துட்டுப் போவட்டும்” என்றாள்.

அதற்குள் ஏதாவது பயனைக் காட்டியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் சார் தந்த சிடியைப் போட்டு, நிரல் எழுதுவதற்கான சி மொழியை ஏற்றினேன். தனக்கு வேண்டிய கோப்பைக் காணவில்லை என்று அது முதலில் முரண்டு பிடித்தது. கோப்புகள் இருக்கும் இடத்துக்குச் சரியான வழியை எழுதிக் கொடுத்த பிறகுதான் அடங்கியது. இயந்திரத்துக்கும் வழி சொல்ல ஆள் வேண்டும்.

பிறகு கணினிப் பாடப் புத்தகத்திலிருந்த முதல் நிரலை அடித்தேன். ஹலோ வேர்ல்டு என்று திரையில் வந்தது.

சாளை மீன் கழுவிய கையோடு அம்மா பின்னால் வந்து நின்று, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“உலகத்துக்கு எதுக்குலே வணக்கம்? ஸ்தோத்திரம்ணு எழுது மக்கா. கடைசியில ஆமெனும் போடு.”

அப்படியே மாற்றினேன். ஜெபம் முடிகிற மாதிரி, நிரல் முழுதும் முடிந்த இடத்துக்குக் கீழே ஆமென் போட்டு ஓட்டினேன். கடைசி வரியில் பிழை என்று வந்தது.

“என்னலே சொல்லுது?”

“ஆமென் புரியல்லியாம்.”

“பாத்தியா! ஆமென் சொல்லாத சாமானம் இந்த வீட்டுல வேண்டாம்.”

புத்தகத்தை மறுபடி பார்த்தேன். மேற்கோள் குறிக்குள் இருப்பதை மட்டும்தான் கணினி அப்படியே சொல்லும். வெளியே இருப்பதையெல்லாம் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். ஆமெனைத் தூக்கி, ஸ்தோத்திரத்துக்குப் பக்கத்தில் குறிக்குள் வைத்தேன். திரையில் இரண்டும் ஒன்றாக வந்தன.

அம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு என் அருகில் உட்கார்ந்தாள்.

“நீ என்ன எழுதினாலும் சொல்லுமா?”

“சொல்லும்மா.”

“அப்பா வந்தாச்சுண்ணு சொல்லச் சொல்லு.”

அடித்தேன். அப்பா வந்தாச்சு என்று ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னது. பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள்.

“சித்தப்பாவ வராண்டாம்ணு சொல்லுதேன். இது இங்கயே கெடக்கட்டு” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

கேட்டதைத்தானே எழுதினேன், பிறகு ஏன் அழுகிறாள்? அந்த நிரலை மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். எந்த வரியில் பிழை என்று எனக்குத் தெரியவில்லை.