மரியம்மாவின் நண்டுச் சனிக்கிழமை

முப்பத்தாறு கதிரைகள். ஒரே ஒரு மாலையாவது அவற்றை நிரப்பிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மேசையும் இல்லை, கதிரையும் இல்லை; பையில் கட்டிக் கொடுக்கிற கடைதான். கியூபெக்கின் சென்ட் லோரன்ட்டில் மரியம்மா நடத்திய சாப்பாட்டுக் கடையின் தலைவிதியை அவளுடைய அத்தான் கனகசிங்கம் இப்படித்தான் எழுதிவிட்டார். அவர் அக்காவின் புருசன். கடையில் பாதி அவருடையது.

"ஆர் பிள்ளை இப்ப கடையில இருந்து சாப்பிடுறாங்கள்? போனைத் தட்டினா வீட்டுக்கு வருது."

"வருவாங்கள் அத்தான். நான் வரவைக்கிறன்!"

அந்த வீறாப்பில் பிறந்ததுதான் நண்டு விருந்து. முருங்கையிலை போட்டு, மட்டக்களப்புப் பக்குவத்தில், ஐப்பசி மாதச் சனிக்கிழமை மாலை. வேதக்காரியான மரியம்மா தன் தேவாலயக் கலண்டரைப் பார்த்து நாள் குறித்தாள். சைவக்காரரான அத்தான் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார். தமிழ்க் கடைகளின் கண்ணாடியெல்லாம் அவளே போய் ஒட்டினாள். பத்துப் பேரோடு வருகிறேன் என்று பழைய வாடிக்கைக்காரி யோகராணி வாக்குக் கொடுத்தாள். மரியம்மாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

சனி காலை இரண்டு பெட்டி நண்டு உயிரோடு வந்து இறங்கியது. அதற்குப் பின்னாலேயே யோகராணியின் தொலைபேசி.

"என்ன மரியம்மா, உமக்கு விசரோ? நோட்டீசில தேதியை இப்பதான் வடிவாப் பார்த்தன். கந்தசஷ்டியெல்லோ நடக்குது! சனமெல்லாம் பாலும் பழமுமாக் கிடக்குது, நீர் நண்டு காய்ச்சுறீர்!"

மரியம்மா போனை வைத்தாள். வாசலில் கனகசிங்கம் வந்து நின்றார். நெற்றியில் திருநீறு, வயிற்றில் ஐந்து நாள் விரதம்.

"உங்களுக்குத் தெரியும்தானே அத்தான்?"

"நீ கேக்கேல்லையே."

கேட்கவில்லையாம்! தன் கையால் நோட்டீஸ் அடித்த மனிதர், தன் வாயால் ஒரு சொல் சொல்லவில்லை. மரியம்மா அவர் முகத்தையே பார்த்தாள்.

"நண்டை ஆருக்கும் குடுத்துப்போட்டு நோட்டீசைக் கிழி. திங்கட்கிழமை மேசை ஏத்த ஆள் வருது," என்றார் அவர்.

"கிழிக்கமாட்டன்."

"மறுகா ஆர் வந்து தின்னுறது? முருகனோ?"

"ஆரும் வருவினம். நீங்க போங்க!"

அவர் போனதும் மரியம்மா கறிச் சட்டிகளை அடுப்பேற்றி, சமையல்காரர் அருமைநாதனிடம் ஒப்படைத்தாள். ஒரு வாளியில் நாலு நண்டைப் போட்டாள். ஒரு மட்டையில் பிரெஞ்சில் பெரிதாக எழுதினாள்: 'இன்று மாலை நண்டு. கையால்தான் சாப்பிட வேண்டும். கரண்டி தரமாட்டோம். பயந்தவர்கள் வரவேண்டாம்.' பின்னேரம் மூன்று மணிக்கு இரண்டையும் தூக்கிக்கொண்டு மூன்று தெரு தள்ளி இருக்கும் மருந்துத் தொழிற்சாலைக்கு நடந்தாள்.

அந்த வாசலை அவளால் மறக்க முடியுமா? பன்னிரண்டு வருசம் அங்கே பெட்டி அடுக்கியவள். அவள் சோற்றுப் பெட்டியைத் திறந்தால் பக்கத்துக் கதிரைகள் காலியாகும். மணக்குதாம். ஒரு மாசி மாதம் மேலாளர் வந்து, வெளியே போய்ச் சாப்பிடச் சொன்னார். பஸ் தரிப்பிடத்துக்குள் பனிக்காற்றில் உறைந்துபோன சோற்றை விழுங்கியபடி அன்றைக்கு நினைத்தாள்: மனிசர் ஆறுதலாக இருந்து சாப்பிட ஒரு இடம் நான் வைப்பேன். அந்த இடத்தைத்தான் இப்போது பிடுங்கப் பார்க்கிறார்கள்.

மூன்றரைக்கு வேலை முடிந்து சனம் வெளியே வந்தது. மரியம்மா ஒரு நண்டைப் பின்காலில் பிடித்து உயரத் தூக்கினாள்.

"மரியா! நீயா?" ஹெயிட்டிக்காரி ஜோசெட் ஓடி வந்தாள். பழைய தோழி.

"நான்தான். அதே கறி மணத்தோட வந்திருக்கிறன்!"

பாரந்தூக்கி வண்டி ஓட்டும் கியூபெக் மனிதன் ஒருவன் மட்டையை வாசித்துச் சிரித்தான். "உண்மையிலேயே கரண்டி இல்லையா, மதாம்?"

"இல்லை. உனக்குக் கை இல்லையா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "மணக்குமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மணக்கும்! மூன்று நாளைக்கு விரலை விட்டுப் போகாது. முகத்தைச் சுளிக்கிறவர் வீட்டை போகலாம்."

ஆறு மணிக்குக் கடையில் ஒருவரும் இல்லை. ஆறே காலுக்கும் இல்லை. மரியம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். ஆறரைக்குக் கதவு திறந்தது. ஜோசெட்டும் அவள் சகோதரிகளும். பின்னால் பிலிப்பீன்ஸ் பெண்கள் எட்டுப் பேர், குழந்தைகளோடு. கியூபெக்காரன் தன் தாயையே கூட்டி வந்திருந்தான்! அவர்களுக்குப் பின்னாலும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஓடு உடைகிற சத்தமும், உறைப்பில் மூக்கு உறிஞ்சுகிற சத்தமும், விரல் சூப்புகிற சத்தமும் கடையை நிறைத்தன.

ஏழரைக்குக் கனகசிங்கம் வந்தார், வெறுங்கடையைப் பார்த்து ஆறுதல் சொல்ல. உள்ளே ஒரு அடி வைத்தவர் அப்படியே நின்றார். முப்பத்தாறு கதிரையிலும் ஆள். மூலையில் ஒரு தகப்பன் பிள்ளையை மடியில் வைத்திருந்தான்.

"இது ஒருநாள் கூத்து," என்று முணுமுணுத்தார்.

"அடுத்த சனிக்கும் பதினெட்டுப் பேர் பெயர் குடுத்திட்டினம். விரதம் முடிய உங்கட ஆக்களும் வருவினம். முதலே சொல்லிப்போட்டு வரச்சொல்லுங்க, இடம் கிடைக்கிறது கஷ்டம்."

"மரியம்மா..."

"திங்கட்கிழமை ஆளை வரவேண்டாமெண்டு சொல்லுங்க அத்தான். இப்பவே. எனக்கு முன்னால."

அவளுடைய கை நிறையக் குழம்பு. கண்ணில் ஈரம். குரலில் மட்டும் நடுக்கமே இல்லை. கனகசிங்கம் சட்டைப்பையில் இருந்து போனை எடுத்தார். அவர் இலக்கத்தை அழுத்துவதைப் பார்த்த பிறகுதான், குழம்பு கேட்டுக் கையுயர்த்திய மேசைக்கு மரியம்மா சட்டியோடு திரும்பினாள்.