ஒழுங்கையை இறக்கிய வருடம்

எங்கள் ஊரில் றோட்டுப் போடுவதென்றால் பழைய றோட்டின் மேல் புதிய றோட்டைப் போடுவதுதான். கீழே எது ஊறிக் கிடந்தாலும் மேலே கறுப்பாக மினுங்கினால் போதும். நகரசபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, எரிச்சல்தான் இருக்கிறது. மேலே போட்டால் வேலை சுருக்காக முடியும், படம் எடுக்கலாம், திறப்பு விழா வைக்கலாம். வீதி உயர உயர ஓரத்து வீடுகள் பள்ளத்துக்குள் போவதைப் பற்றி எந்தத் திறப்பு விழாவிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

உட்துறைமுகத்தை நோக்கி இறங்கும் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் அப்படிப் பள்ளத்துக்குள் போனது தையல்கார அக்காவின் வீடு. சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, பிறகு இங்கேயே தங்கிவிட்டவர். தனி ஆள். முன்னறையில் இருந்த தையல் மெசின்தான் அவருக்குச் சோறு போட்டது. நான் ஒழுங்கையை அளவெடுக்கப் போனபோது மெசினின் கால்களுக்கும் கதிரையின் கால்களுக்கும் கீழே செங்கல் அடுக்கியிருந்தது. பஸ்ஸில் ஏறுவதுபோல ஏறி உட்கார்ந்துதான் தைத்தார்.

“மாரிக்கு வெள்ளம் உள்ளுக்க வரும் மிஸ்,” என்றார். “றோட்டுத் தண்ணியெல்லாம் எனக்குத்தான். போன மாரிக்கு கலியாணத்துக்குத் தைக்கத் தந்த பட்டுத்துணி நனைஞ்சு போச்சு. இன்னொருக்கா அப்பிடி நடந்தா ஒருத்தரும் என்னட்டத் துணி தரமாட்டினம்.”

அந்த வருடம் ஒழுங்கையைத் திருத்த அனுமதி கிடைத்தது. சோதனைக்கு ஒரு குழி வெட்டிப் பார்த்தேன். தார், அதற்குக் கீழே கல், அதற்குக் கீழே இன்னொரு தார். அடியில் கிடந்த கிரவல் மண்ணைக் கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. இதன் மேல் எதைப் போட்டாலும் அடுத்த மாரிக்குக் குழி விழும். எல்லாவற்றையும் கிண்டி எடுத்துவிட்டு, புதுக் கிரவல் போட்டு இறுக்கி, மேலே கொங்கிறீற் போட்டு, ஒழுங்கையை வீட்டுப் படிகளுக்குக் கீழே இறக்கவேண்டும், ஓரத்தில் கான் கட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும் என்று சொன்னேன். “றோட்டு உயரேல்லையெண்டா வேலை நடக்கேல்லையெண்டெல்லே சனம் சொல்லும்,” என்று மேலதிகாரி சிரித்தார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

ஒழுங்கைக்காரரைக் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டு, றோட்டு இந்தமுறை இறங்கும் என்று விளக்கினேன். எல்லோரும் “ஓம், ஓம்” என்று தலையாட்டினார்கள். வேலை தொடங்கும் நாள் போய்ப் பார்க்கிறேன், அக்காவின் வாசற்படலையைத் தவிர ஒவ்வொரு படலையடியும் மேடாகியிருக்கிறது! கிரவல் கொட்டி, சீமெந்து பூசி, முன்வாசலை ஆளுக்கு ஆள் உயர்த்தி வைத்திருந்தார்கள். புது றோட்டு வருகிறதென்றால் அதற்கு முந்தித் தாங்கள் உயர்ந்துவிடவேண்டும் என்பது இந்த ஊர்ச் சனம் பட்டுப் படித்த பாடம்.

“இறங்குமெண்டு சொன்னனானே?” என்று கத்தினேன்.

“சொன்னீங்கள்தான். ஆர் நம்பினது?” என்றார் அக்காவுக்கு மேற்பக்கத்து வீட்டு ஐயா. சீனன்குடாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். “உங்கட ஆக்கள் எப்ப றோட்டை இறக்கினவை?”

வேலையைத் தொடங்கினோம். கொங்கிறீற் காயுமுன், மாடுகள்போல ஊருக்குள் திரியும் மான்கள் அதன் மேல் நடந்து போயின. அந்தக் குளம்படிகள் இன்றைக்கும் இருக்கின்றன. றோட்டு இறங்கியதும் படலைகள் அந்தரத்தில் நின்றன. மோட்டார் சைக்கிளை இறக்க வழியில்லாமல், என்னைத் திட்டித் திட்டி ஒவ்வொருவராகத் தங்கள் மேட்டை உடைத்தார்கள். மேடுகள் மறித்திருந்த கானும் திறந்தது.

ஐயாவிடம் மோட்டார் சைக்கிள் இல்லை. அவர் மேட்டுக்கு மாபிள் கல்லும் பதித்திருந்தார். அது சரியாகக் கானை மறித்துக் குந்தியிருந்தது. மேலிருந்து வரும் தண்ணீர் அதில் முட்டினால் திரும்பக்கூடிய ஒரே இடம் பள்ளத்தில் கிடந்த அக்காவின் வாசல். முன்பு ஒழுங்கைத் தண்ணீரில் ஒரு பங்குதான் அவருக்கு வந்தது. இனி முழுவதும் வரும். நல்லது செய்யப் போய் இப்படியாகிவிட்டது. இயந்திரத்தை விட்டு உடைக்கலாம் என்றால், மேலிடம் “கதைச்சுத் தீர்த்துக்கொள்ளுங்கோ” என்றது. ஐயாவிடம் கதைத்தேன். “மாபிள் பதிச்சாச்சு, இனி ஏலாது,” என்றார்.

“நீங்களாவது கேளுங்கோவன் அக்கா,” என்றேன்.

“அவரின்ர மனிசிக்கும் நான்தான் சட்டை தைக்கிறன். பக்கத்து வீட்டோட சண்டை பிடிச்சுப்போட்டு எங்க போய் இருக்கிறது?”

ஐப்பசியில் ஒரு பின்னேரம் முதல் பெருமழை பிடித்தது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் ஓடினேன். கான் நிறைந்து வந்த தண்ணீர் மாபிளில் முட்டி, அப்படியே திரும்பி, அக்காவின் படலைக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அவர் துணிகளை அலுமாரிக்கு மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் வாசற்படியைத் தொட்டுவிட்டது.

ஐயா தன் விறாந்தையில் நின்று பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு உள்ளே போனார். கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்துப் பல்லைக் கடித்தேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் இரும்பு அலவாங்குடன் வெளியே வந்தார். முதல் குத்திலேயே மாபிள் பிளந்தது. நான் அக்காவின் மண்வெட்டியை எடுத்து உடைந்ததை வாரி எறிந்தேன். இரண்டு பேரும் தோய்ந்துபோனோம். கடைசிக் கட்டியும் பெயர்ந்ததும் தண்ணீர் கானோடு கீழே இறங்கிக் கடல் பக்கம் போனது. அக்காவின் வாசலில் சேறு மட்டும் மிஞ்சியது.

“இவ்வளவு காலமும் றோட்டுத் தண்ணியெண்டு சபையைப் பேசினனாங்கள்,” என்றார் ஐயா, மூச்சு வாங்க. “இது என்ர தண்ணியெல்லே.”

அந்த மனிதர் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது.

அந்த மாரியில் அதற்குப் பிறகு வெள்ளம் வாசற்படியைத் தொடவில்லை. தை பிறந்து மழை விட்டதும் கானைப் பார்க்கப் போனேன். மெசின் தரையில் நின்றது. அக்கா சாதாரணக் கதிரையில், சாதாரண உயரத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. செங்கற்கள் மட்டும் கதவுக்குப் பின்னால் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

“இன்னும் ஏன் இதுகளை வச்சிருக்கிறியள்? எறியுங்கோவன்.”

“இருக்கட்டும் மிஸ். நீங்கள் இருக்கும் மட்டும் பயமில்லை. நீங்கள் மாறிப் போனா, அடுத்து வாறவர் திரும்பவும் மேலதானே போடுவார்.”

எனக்கு இடமாற்றம் வந்தது அந்தக் கிழமைதான். அதையும் சொல்லத்தான் போயிருந்தேன், சொல்லாமலே திரும்பி வந்தேன்.