மாமா ஆடக் கற்றுக்கொண்ட படம்

எங்கள் வீட்டில் காதல் படம் பார்ப்பதற்கென்று ஒரு முறை இருந்தது. நாயகனும் நாயகியும் கொஞ்சம் நெருங்கி நின்றால் போதும், அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ரிமோட்டை எடுத்துச் செய்திக்கு மாற்றிவிடுவார். அணையின் நீர்மட்டம், வெங்காய விலை எல்லாம் சொல்லி முடித்தபின் திரும்பி வந்தால், அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும் அல்லது யாராவது செத்துப் போயிருப்பார்கள். நடுவில் என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் முதுகில் ஒன்று விழும் என்று தெரியும்.

மாமா பென்டிரைவில் கொண்டுவந்த படத்தில் இந்த வித்தை எடுபடவில்லை. எந்த நாட்டுப் படமோ தெரியாது, தமிழில் பேசினார்கள். ஒரு தையல்காரனும் ரயில் டிக்கெட் கொடுக்கும் பெண்ணும் மாலை நேர நடன வகுப்பில் ஜோடி சேர்கிறார்கள். கையைப் பிடித்து, இடுப்பை அணைத்து, படம் முழுக்க ஆடிக்கொண்டே காதலிக்கிறார்கள். இதில் எந்த இடத்தில் செய்திக்கு மாற்றுவது? மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கப் போகிறேன் என்று அப்பா எழுந்து போய்விட்டார். அன்றைக்கு மோட்டாரை யாரும் போடவே இல்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. அம்மா கல்யாணமாகி விருத்தாசலம் வந்தபோது தம்பியையும் கையோடு கூட்டி வந்துவிட்டாள். அப்பா செராமிக் கம்பெனியில் சூளைக்குள் சாமான் அடுக்குகிறவர். மாமாவை அங்கேயே சேர்த்துவிட்டதும் அவர்தான். மாமாவுக்குப் பொம்மை அச்சுகளில் மண்கூழ் ஊற்றும் வேலை. சேத்தியாத்தோப்பில் அவருக்குப் பெண் முடிவாகியிருந்தது. நிச்சயம் ஆனபின் கல்யாணம் வரைக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் நேரில் பார்த்துக்கொள்ளக் கூடாது, போனில் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசலாம். இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ. பேசிப் பேசி வந்து நின்றதுதான் இந்தப் படம். ரிசப்ஷன் மேடையில் நாமும் இப்படி ஆட வேண்டும் என்று பெண் ஆசைப்பட்டாள். முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர் எங்கள் மாமா.

ஆக, ஜோடியாக ஆட வேண்டிய ஆட்டத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு டிவி முன்னால் நின்று கற்றுக்கொண்டார்கள். மாமா கம்பெனியிலிருந்து ஒரு டப்பாவில் மண்கூழ் கொண்டுவந்து, எங்கள் வீட்டுச் சிவப்புத் தரையில் நாயகன் கால் வைக்கும் இடத்திலெல்லாம் வெள்ளையாகப் பாதம் வரைந்து வைத்தார். உறைமோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னாக்கா, கிருஷ்ண ஜெயந்திக்கு இன்னும் எவ்ளோ நாளு கெடக்குது. ஒங்க வூட்டு கண்ணன் உள்ள வராரா, வெளிய போறாரா?"

முதலில் நான்தான் மாமாவுக்கு ஜோடி. அவர் இடுப்பு உயரம்தான் இருந்தேன். என் தோளைப் பிடிக்கக் குனிந்து குனிந்து அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அம்மாவைக் கூப்பிட்டார். போடா வேலையத்தவனே என்றாள் அம்மா. மேடையில் மானம் போய்விடும் அக்கா என்று அவர் கெஞ்சியதும், புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். அவன் முன்னால் வந்தால் அவள் பின்னால் போக வேண்டும், அவன் வலது பக்கம் என்றால் அவள் இடது பக்கம். இரண்டு நாளில் அம்மா மாமாவைவிட நன்றாக ஆடினாள். ஆடும்போது வாய்விட்டுச் சிரித்தாள். அம்மாவுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தச் சிரிப்பு நேரத்தில்தான் அப்பா வந்து நின்றார். சூளையில் ஏதோ கோளாறு என்று சீக்கிரம் அனுப்பிவிட்டார்களாம். புருவமெல்லாம் வெள்ளைத் தூசி, கையில் டிபன் கேரியர். அம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கேரியரை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

எங்கள் அப்பா கோபம் வந்தால் கத்த மாட்டார். அம்மாவோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிடுவார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருக்கும்போதே, "ஒங்கம்மாகிட்ட ரசம் போதும்னு சொல்லு" என்பார் என்னைப் பார்த்து. நான் அம்மாவிடம், ரசம் போதுமாம் என்பேன். சாதாரணமாக ஒரு நாளில் முடிந்துவிடும் சமாசாரம். இந்தத் தடவை வாரக்கணக்கில் இழுத்தது. எனக்கு வாய் வலித்துப்போனது.

இழுக்கக் கூடாத நேரத்தில் இழுத்தது என்பதுதான் சங்கடம். பத்திரிகையில் மாப்பிள்ளைக்குத் தகப்பன் இடத்தில் அப்பா பெயர்தான் போட்டிருந்தது. அவர்தான் சபையில் முன்னால் நிற்க வேண்டும். அவரோ, லீவு கிடைக்காது போலிருக்கிறது என்று என் மூலமாகச் சொல்லி அனுப்பினார். அம்மா தரையில் இருந்த பாதங்களைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். "தம்பிக்கு முன்ன நிக்க ஒரு ஆளு இல்லாம பண்ணிட்டனே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அதன்பிறகு மாமா தலையணையைக் கட்டிக்கொண்டு தனியாக ஆடினார்.

கல்யாணத்துக்கு முந்தின மாலை சேத்தியாத்தோப்பு மண்டபத்தில் ரிசப்ஷன். அம்மாவின் கண் வாசலிலேயே இருந்தது. மேளம் வந்தது, போட்டோக்காரர் வந்தார், அப்பா வரவில்லை. விளக்கெல்லாம் போட்டபிறகு, ஷிப்டு முடித்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். அவசரத்தில் முகம் கழுவியிருந்தார், காதோரம் வெள்ளை அப்படியே இருந்தது. முன்வரிசைக்கு வரவில்லை, பந்தி நடக்கும் கூடத்து வாசலில் நின்றுகொண்டார். வந்தாரே, அதுவே போதும் என்று அம்மா மூச்சு விட்டாள்.

பாட்டுப் போட்டார்கள். மாமா வலது கையைப் பெண்ணின் இடுப்புக்குக் கொண்டுபோனார். பெண்ணும் வலது கையை மாமாவின் இடுப்புக்குக் கொண்டுபோனாள். நீட்டிய இடது கைகள் ஆளுக்கொரு பக்கம் அந்தரத்தில் நின்றன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் காலை வைத்தார்கள், நெற்றியும் நெற்றியும் நங்கென்று முட்டிக்கொண்டன. விஷயம் என்னவென்றால், பெண் தன் குட்டித் தங்கையைச் சேர்த்துக்கொண்டு பழகியிருக்கிறாள். தங்கை சின்னவள் என்பதால் இவளே ஆம்பளை ஆட்டத்தை ஆடிப் பழகிவிட்டாள். மறுபடி முயன்றார்கள், மறுபடி முட்டிக்கொண்டார்கள். மண்டபமே சிரித்தது, செல்போன்களெல்லாம் மேலே எழும்பின. மாமாவின் முகம் அழப்போகிற பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிட்டது.

அம்மா ஒருமுறை பந்தி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று மேடையேறிப் பெண்ணின் இடது கையை எடுத்து மாமாவின் தோளில் வைத்தாள், வலது கையை மாமா கையில் கொடுத்தாள். "நீ பின்னால போ கண்ணு, அவன் வரட்டும். அப்பறம் அவன் போவான், நீ வா." இரண்டு பேரையும் முதுகில் பிடித்து ஒரு சுற்று தானே சுற்றிவிட்டாள். அப்புறம் அவர்களாகவே ஆடினார்கள், சுமாராக. கைதட்டல் கூரையைத் தொட்டது. உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று சொந்தக்காரிகள் பிடித்துக்கொண்டார்கள். அம்மா அவர்களை விலக்கிக்கொண்டு அப்பாவைத் தேடினாள். அவர் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் தகப்பன் இடத்தில் நின்று எல்லாச் சடங்கும் குறையில்லாமல் செய்தார். அம்மாவோடு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ஊர் பார்க்க அம்மா மேடையேறியது வேறு சேர்ந்துகொண்டது, இனிமேல் இந்த வீட்டில் நான்தான் ஆயுளுக்கும் பேச வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமா மறுவீட்டு விருந்துக்குப் போயிருந்தார். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அந்த பென்டிரைவு எங்க இருக்குதுன்னு ஒங்கம்மாவ கேளு."

உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். டிவிக்குப் பின்னால் என்று அம்மா என்னிடம் சொன்னாள், நான் அவரிடம் சொன்னேன். எடுத்துச் செருகினார். தையல்காரனும் டிக்கெட்டுப் பெண்ணும் ஆடினார்கள். அப்பா கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"மொதல்ல எந்தக் காலு வைக்கணும்னு கேளு ஒங்கம்மாவ."

இதற்குப் போய் அம்மா எதற்கு, எனக்கே தெரியுமே. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் குதித்து எழுந்து, இடது கால், வலது கால், ஒரு சுற்று என்று முழு ஆட்டத்தையும் ஆடிக் காட்டினேன். அப்பா பொறுமையாகப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துக் கொடுத்து, கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வா என்றார். காலையில்தானே ஒரு கட்டு வாங்கினோம் என்றேன்.

"பரவால்ல, வாங்கிட்டு வா. மெதுவா போ, வண்டி வரும்."

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு கோபக்காரரோடு அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை. அதனால் கடைக்கு ஒரே ஓட்டமாக ஓடி, மீதிக் காசுகூட வாங்காமல் ஒரே ஓட்டமாகத் திரும்பி, சாத்தியிருந்த கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றேன்.