களிமண்தான் என்று சொன்னேன்

என் ஓரகத்தியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். புருஷனுடைய அண்ணன் மனைவி அவள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எரிகிறது, மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. பாகம் பிரித்தபோது மேட்டு நிலம் அவர்களுக்குப் போனது, ஆற்றோர நிலம் எங்களுக்கு வந்தது. எனக்கு இருந்த ஒரே பெருமை அந்த ஆற்றில் நாங்கள் தோண்டும் ஊற்றுதான்.

தை முடிந்தால் மணிமுத்தாறு வெறும் மணல். மாசியில் ஊற்றுத் தோண்டுவோம். வீட்டுக்கு ஓர் இடம். முதலில் ஊறும் கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்த பிறகு கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். அடுத்தவர் ஊற்றில் கேட்காமல் கை வைக்கக் கூடாது. கேட்டு வந்தவர்களுக்கு முதல் குடத்தை ஊற்றுக்குச் சொந்தக்காரரே மொண்டு தர வேண்டும். தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் என் ஊற்றிலிருந்துதான் ஒரு குடம் போகும். அவ்வளவு ருசி. ஓரகத்தியின் ஊற்று கொஞ்சம் மேற்கே, தண்ணீர் வரும் பக்கம் இருந்தும், அவளைத் தேடி யாரும் போனதில்லை.

தெருவுக்கு ஒன்றிரண்டு செல்போன் வந்திருந்த சமயம், பூமிக்குள் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பெனி வந்தது. ஒயர் இழுத்தார்கள், வெடி வைத்தார்கள். கடைசியில் ஓரகத்தியின் மேட்டு நிலத்தில்தான் துளை போடுவது என்று முடிவாயிற்று. அவள் நிலத்துக்குப் புதிதாக ரோடு வந்தது. அவள் வாசலில் ஜீப் நின்றது. இன்ஜினியர்கள் அவளை அம்மா என்று கூப்பிட்டு மோர் வாங்கிக் குடித்தார்கள். அவள் புருஷனுக்கு வாட்ச்மேன் வேலையும் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும் கிடைத்தன. மனுஷன் அந்த ஹெல்மெட்டோடு டீக்கடைக்குப் போனார், கல்யாண வீட்டுக்கும் போனார். நானோ விருத்தாசலம் செராமிக் கம்பெனியில் நாள் முழுக்க அச்சில் களிமண் கூழ் ஊற்றிப் பொம்மை எடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் அவள் நிலத்து இரும்புக் கோபுரம்தான் முதலில் கண்ணில் படும்.

"நம்ம நெலத்துக்கு என்னா கொறச்சலு?" என்று புருஷனைக் கேட்டேன்.

"எண்ணெ அங்கதான் இருக்குதாம். நான் போயி இங்க மாத்தி வைக்க முடியுமா?" என்றார்.

துளையிலிருந்து மேலே வரும் சேற்றைக் கொட்ட ஒரு பெரிய குழி வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். ஓரகத்தி ஒத்துக்கொள்ளவில்லை. "தொளை போட்டுக்குங்க, சேறு மட்டும் வேணாங்க. அதுல என்னா கலக்குறீங்கன்னு எங்களுக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டாளாம். கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடிப்போய் அந்தச் சேற்றைப் பார்த்தேன். சாம்பல் நிறம், வழுவழுப்பு. இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தேன். தினமும் என் கை கிடக்கிற கூழேதான். எனக்குத் தெரியாத களிமண்ணா? முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கே புருஷனைப் பிடுங்கி எடுத்து, எங்கள் ஆற்றோர நிலத்தில் குழி வெட்டச் சம்மதிக்க வைத்தேன். தெருவில் இரண்டு பேர் தயங்கினார்கள். "ஆத்தோரமாச்சே, தண்ணிக்கு ஒண்ணும் ஆவாதா?"

"வெறும் களிமண்ணுதாங்க. நான் தெனமும் அதுலதான் கெடக்குறேன். என் கைக்கு என்னா ஆச்சு, பாருங்க" என்று விரித்துக் காட்டினேன்.

செராமிக்கில் வேலை பார்க்கிறவளே சொல்கிறாள் என்று நம்பிவிட்டார்கள். குழி வெட்டி பிளாஸ்டிக் தாள் விரித்தார்கள். ஜீப் என் வாசலிலும் நின்றது. மோர் கொடுத்தேன், அவள் வீட்டு மோரைவிடக் கெட்டியாக.

எண்ணெய் தேறவில்லை. கோபுரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழியை மூட வருகிறோம் என்றவர்கள் வரவேயில்லை. ஐப்பசி மழையில் அதன் கரை உடைந்து சேறு முழுவதும் ஆற்றில் இறங்கியது. வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மாசியில் ஊற்றுத் தோண்டினேன். தண்ணீர் மேல் மினுமினுவென்று ஒரு படலம். இறைத்துக் கொட்டினால் மறுபடியும் அதே. வாயில் வைத்தால் உப்பு, டீசல் நாற்றம். எனக்குக் கீழே இருந்த ஊற்றுகளும் அப்படித்தான். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. மாடு மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

மறுநாள் ஒரு பாட்டிலில் அதைச் செராமிக் கம்பெனிக்கு எடுத்துப்போய் ஒரு மக்கு கூழில் ஊற்றினேன். நல்ல தண்ணீரென்றால் கூழ் பாலாக ஓடும். இது திரிந்து கட்டி கட்டியாக நின்றது.

"எந்தூரு தண்ணி இது? உப்பு அள்ளிப் போட்டாப்ல இருக்குது" என்றார் மேஸ்திரி.

கீழே கொட்டிவிட்டேன். குழி வெட்டும் முன்பே அந்தச் சேற்றில் கொஞ்சம் கொண்டுவந்து இதே மக்கில் கலந்து பார்த்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. ஜீப் வருகிற அவசரத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

ஓரகத்தியின் ஊற்று குழிக்கு மேற்கே இருந்ததால் கெடவில்லை. தெருவே குடத்தோடு அங்கே நின்றது. நான் கடைசியில் நின்றேன்.

"களிமண்ணுன்னு சொன்னவ எங்கடி?" என்று முன்னால் நின்ற ஒருத்தி ஆரம்பித்தாள்.

ஓரகத்தி நிமிராமல் மொண்டுகொண்டே, "எங்க நெலத்துல தொளை போட வுட்டதாலதான சேறே வந்துச்சு. கேக்குறதுன்னா என்னெக் கேளு" என்றாள். கேட்டவள் தன் குடத்தை நீட்டினாள்.

என் முறை வந்தது. வழக்கப்படி முதல் குடத்தை அவளே மொண்டு, என் இடுப்பில் ஏற்றிவிட்டாள். "பாத்துப் போ, மேடு வழுக்குது" என்றாள். ஹெல்மெட்டுக்கும் ஜீப்புக்கும் பட்டதெல்லாம் ஒரு பொறாமையா? அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் 'என்னெக் கேளு' என்ற வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்ததால் வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது.

அடுத்தடுத்த மாசிகளிலும் என் ஊற்றைத் தோண்டினேன். ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு, குடத்தோடு மேற்கே நடந்தேன். மூன்றாம் வருஷம் தெருவில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தது. ஓரகத்திக்கு முழங்கால் வலி. அவள் மொண்டு கொடுத்த குடத்தை நான்தான் சுமந்துகொண்டு போனேன்.

பிரசவம் பார்க்க வெளியூரிலிருந்து வந்திருந்த பெண், என் ஊற்றின் பழைய பேரை மட்டும் கேள்விப்பட்டிருந்தவள், வாசலில் வாங்கிக்கொண்டு, "ஒங்க ஊத்துத் தண்ணிங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"இல்ல, எங்க அக்காவோடது" என்றேன்.