இன்னும் விழாத செல்

போன கோடைக்கு முந்திய கோடை அது. ஹம்பேர்க்கில் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கும் சின்னத் தோட்டத்தில் நடந்தது. வெயில் கண்டால் இந்த ஊரில் எவரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். நானும் மனைவியும் கத்தரிக் கன்றுகளோடு மாரடித்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்துத் தோட்டம் ஒரு ஜேர்மன்காரருடையது. துறைமுகத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர், தனி ஆள். அவருக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு. உலகப் போர்க்கால மோட்டார்ச் சாமான்களைத் தேடி வாங்கித் துருப்போக்கிப் புதுசு போல ஆக்கிவிடுவார். தண்ணீர் இறைக்கிற மோட்டார் இல்லை, செல் என்கிற எறிகுண்டை அடிக்கிற மோட்டார். செல் காவும் இரும்புப் பெட்டி, குழல் துடைக்கும் நீளத் தூரிகை, குறிபார்க்கும் கருவியின் தோலுறை என்று அவருடைய கொட்டில் நிறையக் கிடக்கும். அவருடைய அப்பா போரில் அப்படி ஒரு பெட்டியைத்தான் சுமந்தாராம். உயிரோடு திரும்பி வந்தவர், சாகும்வரை அதைப்பற்றி வாய் திறக்கவில்லையாம்.

நான் கார்களுக்குப் பெயின்ற் அடிக்கிற பட்டறையில் வேலை செய்கிறேன். ஒருநாள் பெட்டி மூடியொன்றைக் கொண்டுவந்து, மூலையில் ஒட்டியிருந்த பழைய சாம்பல் நிறத்தைக் காட்டி, அதேபோலக் கலந்து தர முடியுமா என்று கேட்டார். கலந்து கொடுத்தேன். மனைவிக்கு ஒரே பகிடி. ஊர்ச் சண்டையில் செல்லுக்குப் பயந்து ஓடிவந்த மனிசன் இப்போது செல் பெட்டிக்குப் பெயின்ற் அடிக்கிறார் என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பயமெல்லாம் எங்களை விட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

நாங்கள் கத்தரியோடு நின்ற அன்றைக்கு அவர் ஒரு மோட்டார்க் குழலோடு வந்தார். சட்டப்படி துளை போட்டுச் செயலிழக்கச் செய்த வெறும் இரும்பு. உள்பக்கத்தைக் கண்ணாடி மாதிரித் தேய்த்திருந்தார். அளவுக்குச் சரியாக மரத்தில் ஒரு போலிச் செல்லும் கடைந்திருந்தார். எவ்வளவு வழுவழுப்பாகப் போகிறது என்று காட்ட ஆசை. வேலியோரம் நிமிர்த்தி வைத்து, மரச் செல்லைக் குழலின் வாய்க்குள் நழுவ விட்டார். அது சறுக்கிப் போய் அடியில் 'தொம்' என்று இடித்தது.

அடுத்த கணம் நான் கத்தரிக்குள் குப்புறக் கிடந்தேன். பக்கத்தில் மனைவி. அவள் கொண்டுவந்த தேநீர் மண்ணில் ஓடியது. கொஞ்ச நேரத்தில் எனக்குப் புத்தி தெளிந்து, வெட்கமாகி, சிரித்துக்கொண்டே எழும்பப் பார்த்தேன். அவள் என் சட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

"எழும்பாதைங்கோ. இன்னும் விழேல்லை."

செல் புறப்படும்போது ஒரு சத்தம், விழும்போது ஒரு சத்தம். முதல் சத்தம் கேட்டால் படுக்க வேண்டும், இரண்டாவது கேட்கும்வரை தலை தூக்கக் கூடாது. எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அந்த இரண்டாவது சத்தத்துக்காகக் காத்துக் கிடந்தாள்.

பக்கத்துக்காரர் பதறிப்போய் வந்தார். எழுப்பப் பார்க்கவில்லை. மடக்க முடியாத முழங்காலோடு மெல்ல மண்ணில் உட்கார்ந்து, என்ன விழவில்லை என்று கேட்டார்.

அவள் சொன்னாள். டொச்சில், அவருடைய ஜேர்மன் மொழியில், முகத்தை மண்ணிலிருந்து தூக்காமல்.

எங்கள் வீட்டில் மாலை போட்ட படத்தில் அவளுடைய அக்கா இருக்கிறா. செல்லில் போனவ என்று மட்டும் எனக்குத் தெரியும். கேட்டால் அழுவாள் என்று நான் அதற்குமேல் கேட்டதில்லை. அக்கா செத்த அன்றைக்கு அவர்கள் இருவரும் பதுங்குகுழிக்குள் இருந்தார்களாம். புறப்பட்ட சத்தம் கேட்டது, விழுந்த சத்தத்தைக் காணவில்லை. இனி விழாது, அடுப்பில் பால் பொங்கப் போகிறது என்று அக்கா எழும்பியிருக்கிறா. இவள் சட்டையைப் பிடித்தாளாம். பிடி நழுவிவிட்டதாம்.

தமிழில் எனக்குச் சொல்லாததை அவள் அரைகுறை டொச்சில் அந்த மனிதருக்குச் சொல்லி முடித்தாள். தன் அப்பா குழலுக்குப் பின்னால் நின்றார், முன்னால் யார் இருந்தார்கள் என்று தான் ஒருநாளும் நினைத்ததில்லை என்று மட்டும் அவர் சொன்னார். பிறகு இருவருமாக அவளைத் தூக்கி நிறுத்தினோம்.

குழலை அதற்குப் பிறகு நாங்கள் காணவில்லை. பெட்டிகளை இன்னமும் துடைக்கிறார். மூடும்போது மட்டும், மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் கையைக் கொடுத்து, சத்தம் வராமல் மெதுவாக இறக்குகிறார். என் மனைவிக்கு அந்தச் செல் இன்னும் ஆகாயத்தில்தான் நிற்கிறது. ஒரே வீட்டில் இத்தனை வருடம் வாழ்ந்த நான், என்ன விழவில்லை என்று ஒருமுறையாவது அவளிடம் கேட்டிருக்கலாம்.